சாப்பிடாதே என்று சொன்னேன்

1

விடுமுறைக்கு இலங்கையில் எங்கள் ஊர் எஹலியகொடைக்குப் போனால் முதல் நாளே யாராவது கேட்டுவிடுவார்கள். "ராணி, அந்த ஊரு பாஷையில கொஞ்சம் பேசிக் காட்டேன்." ஆட்டோக்காரர் கேட்பார். கோயிலில் பூசை முடிந்து வெளியே வரும்போது நாலு பேர் கேட்பார்கள். ரப்பர் தோட்டத்து லயத்து வரிசை வீடுகளில் இன்னும் இருக்கிற எங்கள் பழைய பக்கத்து வீட்டுக்காரர்கள் தேநீர்க் கோப்பையைக் கையில் கொடுத்துவிட்டுக் கேட்பார்கள். நானும் பேசிக் காட்டுவேன். என் பெயர் ராணி. நான் வலென்சியாவில் இருக்கிறேன். ஒரு பள்ளிக்கூடத்துச் சமையலறையில் வேலை செய்கிறேன். இன்றைக்கு நல்ல வெயில். இதையே ஸ்பானிஷில் மூச்சுவிடாமல் சொன்னால் கேட்பதற்கு மிக அழகாக இருக்கும். என் தங்கை சுமதி பெருமையில் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொள்வாள்.

நான் பேசிக் காட்டும் வாக்கியங்கள் எல்லாமே உள்ளதை உள்ளபடி சொல்பவை என்பது அவர்களுக்குத் தெரியாது. இருக்கிறேன், செய்கிறேன், வெயிலடிக்கிறது. இன்னும் நடக்காததைப் பற்றிப் பேச வந்தால்தான் நான் திணறுவேன். நடக்க வேண்டும் என்று ஆசைப்படுவதையும், நடந்துவிடுமோ என்று பயப்படுவதையும், நடக்கக் கூடாது என்று தடுப்பதையும் சொல்ல ஸ்பானிஷில் வினைச்சொல் வேறு உருவத்தில் வரவேண்டும். அந்த உருவம் எனக்கு இத்தனை வருடமாகப் பிடிபடவில்லை.

அதனால் ஒரு குழந்தைக்கு நடந்ததை இங்கே எழுதுகிறேன். ஊரில் இந்தக் கதை பாதியாகத்தான் போய்ச் சேர்ந்திருக்கிறது. "ராணி ஒரு வெள்ளக்காரப் புள்ளைக்கி ஒத்துக்காததக் குடுத்துட்டாளாம்" என்று கடைத்தெருவில் பேசிக்கொள்கிறார்களாம். மீதிப் பாதியை நான்தானே சொல்ல வேண்டும்.

2

ஸ்பானிஷ் எனக்கு முதலில் கிடைத்தது ஸ்பெயினில் அல்ல, குவைத்தில். வீட்டு வேலைக்குப் போன இடத்தில் எஜமானர் ஒரு ஸ்பானிய எஞ்சினியர். அவர் மனைவி என்னை வேலை வாங்கிய சொற்கள்தான் என் அரிச்சுவடி. கொண்டு வா, கழுவு, துடை, மடி, வை. வேலைக்காரிக்கு ஏவல் சொற்கள்தான் முதலில் வந்து சேரும். செய்யக் கூடாததைச் சொல்ல அந்த அம்மாள் வாயைத் திறப்பதில்லை. விரலை மட்டும் இப்படியும் அப்படியும் ஆட்டுவார். ஆகவே ஒரு மொழியின் "செய்" பக்கம் முழுவதும் எனக்கு வந்தது, "செய்யாதே" பக்கம் வெறும் விரலாகவே நின்றுவிட்டது.

அவர்கள் ஊர் திரும்பியபோது என்னையும் வலென்சியாவுக்கு அழைத்து வந்தார்கள். பிறகு என் கணவரும் மகள் தர்ஷினியும் வந்து சேர்ந்தார்கள். தர்ஷினிக்கு அப்போது நான்கு வயது. வந்த முதல் வருடம் முடிவதற்குள் அவள் எனக்கு மொழிபெயர்க்கத் தொடங்கிவிட்டாள். வைத்தியரிடம் அவள்தான் பேசினாள். வளர வளர, வதிவிட அட்டைக்கு இணையத்தில் நேரம் பதிவு செய்ததும், வங்கியில் பேசியதும், மேல்வீட்டுக்காரரின் தண்ணீர் எங்கள் கூரையில் கசிந்தபோது சண்டை போட்டதும் அவள்தான். கணவர் லாரியில் ஆரஞ்சுப் பழம் ஏற்றிக்கொண்டு பிரான்ஸ் எல்லைவரை போகிறவர். வாரத்தில் பாதி நாள் வீட்டில் இருப்பதில்லை. வீட்டுக்குள் தமிழ், சமையலறையில் பானைச் சத்தம், வெளியே மகளின் வாய். இப்படி வாழ்ந்தால் ஒரு மொழி எப்படி வரும்?

சிங்களம் எனக்கு இப்படிக் கஷ்டம் கொடுக்கவில்லை. அப்பா ரப்பர் பால் வெட்டுகிறவர். எனக்குப் பதினாறு வயதானபோது எஹலியகொடை பஜாரில் ஒரு துணிக்கடையில் வேலைக்குச் சேர்த்துவிட்டார். போன அன்றே கண்ணாடிப் பெட்டியைத் தொட்டேன். முதலாளியின் மனைவி "அல்லன்ன எபா!" என்றார். தொடாதே என்று அர்த்தம். அடுத்த நாள் "யன்ன எபா", போகாதே. சிங்களத்தில் எந்த வேலையின் பெயரைச் சொல்லி "எபா" என்று முடித்தாலும் தடுத்தாகிவிட்டது. ஒரு வாரத்துக்குள் நானும் கடைக்கு வரும் சின்னப் பிள்ளைகளிடம் "துவன்ன எபா, பபா" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். ஓடாதே, குட்டி.

ஸ்பானிஷையும் அப்படியே நினைத்துவிட்டேன். முன்னால் ஒரு "நோ" போட்டால் தடுத்தாகிவிடும் என்று.

3

பள்ளிக்கூடத்துச் சாப்பாட்டு மண்டபத்தில் என் வேலை, நீண்ட மேடைக்குப் பின்னால் நின்று தட்டுகளில் பரிமாறுவது. பிள்ளைகள் வரிசையில் வந்து தட்டை நீட்டுவார்கள். நாள் முழுவதும் அங்கே கேட்பதெல்லாம் தடைச் சொற்கள்தான். ஓடாதே, தள்ளாதே, ரொட்டியை எறியாதே. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள மேற்பார்வையாளர்கள் இருக்கிறார்கள். ஆனாலும் கையில் தட்டோடு ஓடும் பிள்ளையைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்க முடியுமா?

"நோ கோர்ரே!" என்று நானும் சத்தம் போடுவேன்.

பிள்ளைகள் சிரிப்பார்கள். ஏன் சிரிக்கிறார்கள் என்று தெரியாமல் நானும் சிரிப்பேன். என் பெயரே அவர்களுக்குச் சிரிப்புத்தான். ஸ்பானிஷில் "ரானா" என்றால் தவளை.

லூசியா என்று ஐந்து வயதுப் பெண். முன்பல் இரண்டும் விழுந்தவள். மீன் அவளுக்கு ஆகாது, துளி பட்டாலே உடம்பு தாங்காது. அதனால் அவளுக்கு மட்டும் மஞ்சள் தட்டு. அதில் தனியாகச் சமைத்ததைத்தான் வைப்போம். மஞ்சள் தட்டுப் பிள்ளைகளை நான் கண்ணாலேயே பின்தொடர்வேன். அதனாலோ என்னவோ லூசியா என்னோடு ஒட்டிக்கொண்டாள். ஒருநாள் அவள்தான் மேடையின் விளிம்பில் தாடையை வைத்துக்கொண்டு என்னைத் திருத்தினாள்.

"ராணி, நோ கோர்ரே இல்லை. நோ கோர்ராஸ்."

"கோர்ராஸ்?"

"கோர்ராஸ்!" என்று ஒரு பெரிய வாத்தியாரம்மாவைப்போலத் தலையை ஆட்டினாள்.

அன்றிலிருந்து ஓடும் பிள்ளைகளிடம் "நோ கோர்ராஸ்" என்றேன். அவர்கள் சிரிப்பதை நிறுத்திவிட்டார்கள். நானும் ஒரு சொல் கற்றுக்கொண்டேன் என்று சந்தோஷப்பட்டேன். அதை ஒற்றைச் சொல்லாகத்தான் மனப்பாடம் செய்தேன். மற்ற எல்லாச் சொற்களும் அப்படித்தான் மாறும் என்று அந்தக் குழந்தைக்கும் சொல்லத் தெரியாது, எனக்கும் கேட்கத் தோன்றவில்லை.

4

அன்றைக்குக் காலையிலிருந்தே மழை. பிள்ளைகளை வெளியே விளையாட விடாததால் மண்டபமே இரைந்துகொண்டிருந்தது. சின்னப் பிள்ளைகளின் மேசையை வழக்கமாகப் பார்க்கிறவருக்குக் காய்ச்சல். அவருக்குப் பதிலாக ஓர் இளம்பெண் வந்திருந்தாள். முதல் நாள். யார் பெயர் என்ன என்று சட்டைப் பைகளில் தைத்திருப்பதைக் குனிந்து குனிந்து படித்துக்கொண்டிருந்தாள்.

சாப்பாட்டுக்கு மீன் குரோக்கெட். நம் ஊர் கட்லட்டை விரல் நீளத்துக்கு உருட்டினாற்போல இருக்கும். லூசியாவுக்குக் கோழியில் செய்தது. இரண்டும் பார்வைக்கு ஒன்றேதான். அவள் தன்னுடையதைச் சீக்கிரமே சாப்பிட்டுவிட்டாள். பக்கத்தில் இருந்த சிநேகிதி அன்பாகத் தன் தட்டிலிருந்து ஒன்றை எடுத்து மஞ்சள் தட்டில் வைப்பதை நான் மேடைக்குப் பின்னாலிருந்து பார்த்தேன்.

லூசியா அதைக் கையில் எடுத்தாள்.

"நோ கோமே!" என்று கத்தினேன். "லூசியா நோ கோமே! நோ கோமே!"

சாப்பிடாதே என்று கத்தினேன். என் மனசில் அது ஒன்றுதான் இருந்தது.

லூசியா கையை நிறுத்தி என்னைப் பார்த்தாள். அந்த இளம்பெண் வேறொரு பிள்ளை கொட்டிய தண்ணீரைத் துடைத்துக்கொண்டிருந்தாள். என் சத்தம் கேட்டு நிமிர்ந்தாள், என்னைப் பார்த்துச் சரி என்பதுபோலத் தலையசைத்தாள். நேராக லூசியாவிடம் போய்க் குனிந்து அவள் தலையை வருடினாள். அவள் உதடு அசைந்ததும் எனக்குத் தெரிந்தது, சொன்னதும் கேட்டது.

"லூசியா, கண்ணு, சாப்பிடு. சாப்பிடும்மா."

எனக்குக் கண்ணெதிரே நடப்பது நம்ப முடியவில்லை. நான் சாப்பிடாதே என்கிறேன், இவள் சாப்பிடு என்கிறாள். மறுபடியும் கத்தினேன், இன்னும் பலமாக, அதே சொல்லை. அவள் என்னைப் பார்த்து ஆறுதலாகச் சிரித்தாள். அக்கறையோடு குழந்தையின் கையை வாய்ப்பக்கம் லேசாகத் தள்ளிவிட்டாள். பெரியவர் ஒருவர் பக்கத்திலிருந்து சாப்பிடச் சொல்லும்போது ஐந்து வயதுப் பிள்ளை என்ன செய்யும்? லூசியா கடித்தாள்.

மேடையின் கதவு மறுகோடியில் இருந்தது. கரண்டியை எறிந்துவிட்டு ஓடினேன். நான் போய்ச் சேர்வதற்குள் அவள் விழுங்கியிருந்தாள். "மீன்! மீன்!" என்றேன். அந்தச் சொல்லாவது சரியாக வந்தது. அந்தப் பெண்ணின் முகம் சுண்ணாம்பு மாதிரி வெளுத்தது. லூசியாவின் உதடு தடித்தது, கண் இமை வீங்கியது, மூச்சு ஊதல் சத்தமாக மாறியது. யாரோ அலுவலகத்துக்கு ஓடி அவளுக்கென்று வைத்திருந்த ஊசியைக் கொண்டு வந்து தொடையில் குத்தினார்கள். ஆம்புலன்ஸ் வந்தது. அவளைத் தூக்கிக்கொண்டு போகும்போது ஒரு கால் சப்பாத்து கழன்று விழுந்தது. நான் அதை எடுத்துக்கொண்டு வாசல்வரை ஓடினேன். வண்டி போய்விட்டது.

குழந்தை பிழைத்தாள். இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். ஊரில் சிலர் வேறு மாதிரி கேள்விப்பட்டிருக்கிறார்கள். ஒருநாள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்துவிட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். ஆனால் அந்த ஒருநாள் முழுவதும் எனக்கு அது தெரியாது.

5

அடுத்த வாரம் பள்ளிக்கூட அதிபர் கூப்பிட்டார். மொழிபெயர்க்க யாரையாவது அழைத்து வரலாம் என்றார்கள். கணவர் லாரியோடு எல்லையில் இருந்தார். ஆகவே தர்ஷினி வந்தாள். அவளுக்கு இப்போது பதினான்கு வயது. தன் உயர்நிலைப் பள்ளியில் அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு, முடியை இறுக்கிக் கட்டி, என் பக்கத்தில் நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள்.

எதிரே அந்த இளம்பெண் இருந்தாள். அழுது அழுது மூக்கு சிவந்திருந்தது. அவள்மேல் எனக்கு அதுவரை பெரிய கோபம். நான் தொண்டை கிழியக் கத்தியும் கேட்காமல் ஊட்டிவிட்டவள் என்றுதான் வீட்டிலும் சொல்லியிருந்தேன். கணவரும் போனில் "நீ விடாத, நடந்தத நடந்தபடி சொல்லு" என்று தைரியம் சொல்லியிருந்தார்.

அதிபர் முதலில் அவளைக் கேட்டார். அவள் சொன்னதைத் தர்ஷினி என் காதில் சொன்னாள். "லூசியா சாப்பிடாம இருக்கான்னு சமையல்கார அம்மா சொன்னாங்களாம். அதனாலதான் சாப்பிடச் சொன்னாங்களாம்."

"பொய்யி" என்றேன். "சாப்பிடாதன்னு சொன்னேன். மூணு வாட்டி சொன்னேன்."

தர்ஷினி என்னைத் திரும்பிப் பார்த்தாள். "நீ என்ன சொன்ன? தமிழ்ல இல்ல. அங்க சொன்ன மாதிரி அப்படியே சொல்லு."

"நோ கோமே."

அவள் முகம் மாறியதை நான் மறக்க மாட்டேன். கோபமா வெட்கமா என்று தெரியாத ஒரு மாற்றம். சின்ன வயதில் விளையாடும்போது எதையோ உடைத்துவிட்டு என்னிடம் வரும்போது அப்படித்தான் இருப்பாள். இப்போது உடைத்தது நான்.

"நெசமா அப்படியா சொன்ன?"

"ஆமா. சாப்பிடாதன்னு."

"அம்மா." குரலைத் தாழ்த்தினாள். "அது சாப்பிடாதன்னு இல்லம்மா. 'அவ சாப்பிட மாட்டேங்குறா'ன்னு அர்த்தம். சாப்பிடாதன்னா நோ கோமாஸ்."

கோமே, கோமாஸ். நான் இரண்டையும் மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். ஏ இருந்த இடத்தில் ஆ வரவேண்டும். அவ்வளவுதான். அந்தப் பெண் பொய் சொல்லவில்லை. ஒரு பிள்ளை சாப்பிடவில்லை என்று நான் முறையிட்டேன், அவள் போய் அன்பாகச் சாப்பிட வைத்தாள். நான் மீண்டும் மீண்டும் கத்தக் கத்த, இன்னும் சாப்பிடவில்லையே என்று இன்னும் கொஞ்சம் வற்புறுத்தினாள். லூசியாவின் வாய்க்கு அந்தக் கை போனது என் சத்தத்தால்தான்.

அதிபர் ஏதோ கேட்டார். தர்ஷினி என்னிடம் கேட்காமலே பேசத் தொடங்கினாள். வேகமாக, நீளமாக, அடக்கமாக. அதில் "பெர்தோன்" என்ற சொல் பலமுறை வந்தது. மன்னிப்பு. நான் அந்த அறையில் ஒரு தடவைகூட மன்னிப்புக் கேட்கச் சொல்லவில்லை. கேட்க மாட்டேன் என்றும் இல்லை. என் மகள் என் பெயரில் எதையோ சொல்லிக்கொண்டிருந்தாள், அதிபர் தலையாட்டிக்கொண்டிருந்தார், எதிரே அந்தப் பெண் மறுபடி அழுதாள். நான் மடியில் கைகளை வைத்துக்கொண்டு, மேசைமேல் இருந்த தண்ணீர்ப் போத்தலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெளியே வந்ததும் கேட்டேன். "என்ன சொன்ன?"

"நீ சொல்லணும்னு நெனச்சதத்தான்."

"நான் என்ன நெனச்சேன்னு ஒனக்கு எப்படித் தெரியும்?"

பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

6

வேலை போகவில்லை. மண்டபத்திலிருந்து எடுத்துப் பின்கட்டில் பாத்திரம் கழுவும் அறைக்குப் போட்டார்கள். அங்கே பிள்ளைகள் வரமாட்டார்கள். அழுக்குத் தட்டுகள் ஒரு சிறு வாசல் வழியாகத் தள்ளுவண்டியில் வரும். மஞ்சள் தட்டும் வரும். அது வந்தால் அன்று லூசியா பள்ளிக்கூடம் வந்திருக்கிறாள் என்று தெரிந்துகொள்வேன்.

அந்த நாட்களில்தான் சுமதி கூப்பிட்டாள். தர்ஷினி வாட்ஸ்அப்பில் சுமதியின் மகளிடம் எதையோ சொல்லி, அது ஊருக்குள் போயிருந்தது.

"அக்கா, நீ மீன் குடுத்துட்டேன்னு இங்க பேசிக்கிறாங்க. என்னா நடந்துச்சு?"

சொன்னேன். கோமே, கோமாஸ் எல்லாவற்றையும் விளக்கினேன். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சிங்களப் பாணியில் அங்கலாய்த்தாள்.

"அனே அக்கா, அத்தன வருசமா இருக்க. ஒனக்கு அந்தப் பாஷ நல்லாத் தெரியும்னுல்ல நெனச்சோம்."

"தெரியாதுடி."

"இங்க வந்து அப்படிப் பேசினியே."

"அது வேற."

பின்னணியில் மழை கொட்டும் சத்தம் கேட்டது. அங்கேயும் மழை.

"நான் ஒன்னு சொல்றேன், கோவிக்காத" என்றாள். "நீ நம்ம தமிழ்லயே 'ஏய், திங்காத!'ன்னு ஒரு சத்தம் போட்டிருக்கலாமே. வெளங்காட்டியும் அந்தப் புள்ள பயந்தாவது கீழ போட்டிருக்கும்ல."

அது எவ்வளவு சரி. அந்த மேடைக்குப் பின்னால் என் தொண்டையில் முதலில் எழுந்தது தமிழாகத்தான் இருந்திருக்கும். அதை விழுங்கிவிட்டு, அந்த அவசரத்திலும் ஸ்பானிஷைத் தேடி எடுத்துப் போட்டேன். பத்து வருடமாக நாலு பேர் முன்னால் தமிழில் சத்தம் போடக் கூடாது என்று என்னை நானே பழக்கி வைத்திருந்தேன். பஸ்ஸில் போன் வந்தால்கூட வாயைப் பொத்திக்கொண்டு பேசுகிறவள். உயிர் போகிற நேரத்திலும் அந்தப் பழக்கம் என்னை விடவில்லை.

"அக்கா? இருக்கியா?"

"இருக்கேன்."

"அழாத."

ஓர் எழுத்துக்குக் கால் போட்டு, ஓர் எழுத்தைச் சேர்த்து, எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டாள். அழு, அழாத. அதைச் சொல்ல அவள் ஒரு கணமும் யோசிக்கவில்லை.

7

பெரியவர்களுக்கான இலவச வகுப்பு வாரத்தில் இரண்டு மாலை நடக்கிறது. சேர்ந்துகொண்டேன். ஆசிரியை மாரிசோல் உரக்கப் பேசுகிறவர், சாக்குக்கட்டியை உடைத்து உடைத்து எழுதுகிறவர். எனக்குப் பக்கத்தில் மொரோக்கோவைச் சேர்ந்த ஃபாத்திமா உட்காருவாள்.

நான் பயந்துகொண்டிருந்த பாடம் வந்த அன்று மாரிசோல் பலகையில் நடுவே ஒரு கோடு போட்டார். இடப்பக்கம் உள்ளது. வலப்பக்கம் ஆசை, பயம், சந்தேகம், தடை. "வலப்பக்கம் போகும்போது வினைச்சொல்லின் கடைசி உயிரெழுத்தை மாற்ற வேண்டும்" என்றார். ஆ இருந்தால் ஏ. ஏ இருந்தால் ஆ. பேசு என்பது ஆப்லா, பேசாதே என்பது நோ ஆப்லேஸ். மரியாதையாகச் சொல்ல வேண்டுமானால் கடைசி "ஸ்" சத்தத்தை எடுத்துவிட வேண்டும். நாம் "ங்க" சேர்த்து மரியாதை கொடுக்கிறோம், இவர்கள் ஓர் ஒலியைக் குறைத்து மரியாதை கொடுக்கிறார்கள்.

பார்த்துக்கொண்டே இருந்தபோது எனக்கு ஒன்று உறைத்தது. இது நமக்குப் புதிதே இல்லை. ஓடு, ஓடாதே. தொடு, தொடாதே. தமிழிலும் தடுக்கும்போது சொல்லே உருமாறுகிறது. பிறந்ததிலிருந்து இதைத்தான் செய்து வந்திருக்கிறேன். துணிக்கடையில் கற்ற "எபா"வின் வழியே போகாமல், அம்மா திட்டிய தமிழின் வழியே போயிருந்தால் ஒருவேளை கேட்கவாவது தோன்றியிருக்கும், இந்தச் சொல்லுக்கு வேறு உருவம் உண்டா என்று. மொழிகள் எனக்குக் குறைவில்லை. வேண்டிய நேரத்தில் தவறான மொழி வழிகாட்டிவிட்டது.

"ஒஹலா" என்ற சொல்லையும் அன்று சொல்லிக் கொடுத்தார். அப்படி நடக்கட்டுமே என்று ஏங்கும் சொல். அரபியிலிருந்து வந்தது என்றதும் ஃபாத்திமா மேசையைத் தட்டிச் சிரித்தாள். அது வந்தாலும் பின்னால் வரும் வினை மாறிவிட வேண்டும். நடந்து முடிந்ததைப் பற்றி ஏங்கினால் இன்னும் வேறு உருவம் உண்டாம். அப்படிச் செய்யாமல் இருந்திருக்கக் கூடாதா என்பதற்கு. அது அடுத்த வருடப் பாடம் என்றார்.

கடைசியில் ஒவ்வொருவரையும் எழுப்பி, வீட்டிலோ வேலையிலோ தேவைப்படுகிற தடைச்சொல் ஒன்றைச் சொல்லச் சொன்னார். ஃபாத்திமா "கத்தாதே" என்றாள், தன் மகனுக்காம். என் முறை வந்தது. எழுந்து நின்றேன். மாரிசோல் புன்னகையோடு காத்திருந்தார்.

"நோ கோமாஸ்" என்றேன்.

"மிக நன்று, ராணி! மிக மிக நன்று!"

வகுப்பே கைதட்டியது. நான் உட்கார்ந்தேன். சரியாகச் சொல்லிவிட்டேன். கேட்க வேண்டிய குழந்தைதான் அங்கே இல்லை.

8

போன வாரம் வேலை முடிந்து வெளியே வரும்போது பின்வாசலைப் பழுதுபார்ப்பதற்காக அடைத்திருந்தார்கள். அதனால் பிள்ளைகளை விடும் நேரத்தில் முன்வாசல் வழியாக வரவேண்டியதாகிவிட்டது. வதிவிட அட்டை புதுப்பிக்கப் படம் எடுக்க வேண்டியிருந்ததால் தர்ஷினி வாசலில் காத்துக்கொண்டிருந்தாள். அண்மைக்காலமாக அவள் என்னோடு அதிகம் பேசுவதில்லை. கேட்டால் ஸ்பானிஷில் ஒரு சொல்லில் பதில் வரும். ஆனாலும் வந்திருந்தாள்.

"ராணி!"

திரும்பினேன். லூசியா. ஒரு பல் முளைத்திருந்தது. முதுகுப் பை குலுங்க என்னை நோக்கி ஓடி வந்தாள். எனக்குக் கை தானாக நீண்டது. இரண்டு அடி முன்னால் வைத்தேன்.

அவள் பாதி வழி வருவதற்குள் அவளுடைய அம்மா பின்னாலிருந்து கையைப் பிடித்துவிட்டார். அவரை நான் பக்கத்தில் பார்ப்பது அதுதான் முதல் தடவை. மெலிந்த பெண், என் வயதுதான் இருக்கும். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. அவர் என்மேல் கோபப்படவில்லை. அதுதான் எனக்கு இன்னும் தாங்க முடியவில்லை. என்னைப் பார்த்தார். பிறகு மெதுவாக, தெளிவாக, மரியாதையாகச் சொன்னார்.

"நோ சே ப்ரெயோகூபே."

கவலைப்படாதீர்கள். அர்த்தம் வருவதற்கு முன்பே உருவம் எனக்குத் தெரிந்துவிட்டது. கடைசியில் ஏ. "ஸ்" இல்லை. மரியாதை.

குழந்தையின் கையைத் தன் பக்கம் இன்னும் கொஞ்சம் இழுத்துக்கொண்டார்.

"பேரோ நோ சே அதேர்கே அ எல்யா. போர் ஃபவோர்."

அதேர்கார், நெருங்குதல். நாற்காலியை மேசைக்கு நெருக்கிப் போடு என்று குவைத்தில் தினமும் கேட்ட சொல். ஆ போய் ஏ வந்திருந்தது. ஆனால் இவளை நெருங்காதீர்கள். தயவுசெய்து. யாருடைய உதவியும் இல்லாமல், முழுதாக, உடனுக்குடன் எனக்குப் புரிந்த முதல் தடை வாக்கியம் அது. இலக்கணத்தில் ஒரு பிழையும் இல்லை.

சரி என்று தலையாட்டினேன். லூசியா அம்மாவின் கையில் தொங்கியபடி திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள்.

தர்ஷினி என் பக்கத்தில் வந்து நின்றாள். அவள் எல்லாவற்றையும் கேட்டிருந்தாள்.

"அவங்க என்னா சொல்றாங்க?" என்று கேட்டேன்.

அவள் தெருவைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். பல நாட்களுக்குப் பிறகு தமிழில் பேசினாள்.

"கவலப்படாதீங்கன்னு சொல்றாங்கம்மா."

"வேற?"

"லூசியா இப்ப நல்லா இருக்காளாம். அவ்வளவுதான்."

"நல்ல மனுசி" என்றேன்.

அவள் என் கைப்பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டாள். நாங்கள் படம் எடுக்கப் போனோம்.